1661: கர்தினாலின் செல்வமும் அமைச்சரின் சிறையும்

பிரான்சின் பதினான்காம் லூயி தன் மகனின் கல்விக்காக எழுதுவித்த நினைவுக் குறிப்புகள், நான்கு வயதுச் சிறுவனாக அவர் அரசுரிமை பெற்ற 1643ஆம் ஆண்டிலிருந்து தொடங்கவில்லை. ரைம்ஸ் பேராலயத்தில் முடிசூட்டிக்கொண்ட 1654ஆம் ஆண்டிலிருந்தும் தொடங்கவில்லை. அவை 1661இல் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளை அவர் தம்முடைய ஆட்சியாகவே எண்ணவில்லை என்று கொள்ள இடமுண்டு. அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில் முதன்மை அமைச்சர் இறந்தார். செப்டம்பரில் நிதி அமைச்சர் நிக்கோலா ஃபூக்கே கைதானார். நவம்பரில் பட்டத்து இளவரசர் பிறந்தார். இவற்றுள் நடுவில் நிற்கும் கைது நடவடிக்கையை, அமைச்சர் ஒருவர் அரசரையும் மிஞ்சும் ஆடம்பரத்தோடு விருந்து வைத்ததாகவும், அதைக் கண்டு பொறாமை கொண்ட இளம் அரசர் மூன்றே வாரத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் தள்ளியதாகவும் ஒரு கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அழகான கதைதான், ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நிற்பதில்லை. அந்த ஆண்டின் உண்மையான கேள்வி, நெடும் போர்க்காலத்தில் அரசின் பணம் யார் கைக்குப் போயிற்று என்பதும், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதுமாகும்.

கர்தினால் மஸாரின் 1661 மார்ச் 9ஆம் தேதி, பாரிஸுக்குக் கிழக்கே உள்ள வன்சென் கோட்டையில் உயிர் நீத்தார். இத்தாலியில் பிறந்து, பிரான்சின் முதன்மை அமைச்சராகி, 1648க்கும் 1653க்கும் இடையில் நீதிமன்றப் பெரியோரும் பிரபுக்களும் நடத்திய ஃப்ரோந்து என்னும் கலகத்தின்போது இருமுறை நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்து, மீண்டு வந்து, 1659இல் ஸ்பெயினோடு பிரெனே உடன்படிக்கையைச் செய்து முடித்தவர் அவர். அந்த உடன்படிக்கையின் விளைவாகவே 1660 ஜூனில் லூயி ஸ்பெயின் அரசரின் மகளான மரியா தெரேசாவை மணந்தார். அரசரின் ஞானஸ்நானத் தந்தையும் அரசியல் ஆசானும் மஸாரின்தான் என்பதால், அவருடைய மரணம் அரண்மனைக்கு ஒரு குடும்ப இழப்பாகவே இருந்தது.

ஆனால் அவர் விட்டுச் சென்ற சொத்து குடும்பக் கணக்குக்குள் அடங்குவதாக இல்லை. அதன் மதிப்பு சுமார் 3.5 கோடி லீவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) என்று பிற்கால ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பழைய பிரான்சில் தனி மனிதர் எவரும் அவ்வளவு சேர்த்ததில்லை என்பது அவர்களது முடிவு. கலகத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்த ஒருவர், அதற்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில், அதுவும் அரசு கடனில் மூழ்கிக்கொண்டிருந்த போர்க்காலத்தில், இவ்வளவு திரட்டியது எப்படி என்று யாரும் கேட்கலாம். அந்தக் கேள்வி எழாமலிருக்க ஒரு நாடகம் தேவைப்பட்டது. மரணப் படுக்கையிலிருந்த கர்தினால் தம் உடைமை முழுவதையும் அரசருக்கே எழுதி வைத்தார். மூன்று நாள் மௌனத்துக்குப் பின் அரசர் அதை ஏற்க மறுத்துத் திருப்பி அளித்தார். அரசரே தந்த கொடையாகிவிட்ட சொத்தின் மூலத்தை அதன்பின் யார் விசாரிக்க முடியும்? இந்த யோசனையைச் சொன்னவர் கர்தினாலின் சொத்து நிர்வாகியான ழான் பப்திஸ்த் கோல்பேர் என்று அக்காலத்தவர் பேசிக்கொண்டனர். ரைம்ஸ் நகரத்து வணிகக் குடும்பத்தில் 1619இல் பிறந்த அவர், கர்தினாலின் பணம் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதை முழுமையாக அறிந்திருந்த ஒரே மனிதர். இந்தச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் நடப்பவற்றில் பாதி இதிலிருந்தே விளங்கும்.

மறுநாள், மார்ச் 10ஆம் தேதி, இருபத்திரண்டு வயது அரசர் அமைச்சர்களையும் செயலர்களையும் வரவழைத்தார். இனித் தம் காரியங்களைத் தாமே நடத்தப்போவதாகவும், கேட்கும்போது அவர்கள் ஆலோசனை சொன்னால் போதும் என்றும் வேந்தவைத் தலைவர் செகியேயிடம் அறிவித்தார். தம் ஆணையின்றி எந்த ஆவணத்திலும் முத்திரை வைக்கக் கூடாது, ஒரு கடவுச்சீட்டில்கூடச் செயலர்கள் கையெழுத்திடக் கூடாது என்றும் கட்டளையிட்டார். இனி யாரிடம் வந்து காரியம் கேட்பது என்று வினவிய ரூவான் பேராயருக்கு, தம்மிடமே வரலாம் என்று மறுமொழி கிடைத்ததாம். அரசவையினர் இதை இளமையின் உற்சாகம் என்றே எடுத்துக்கொண்டனர். நடனமும் வேட்டையும் விரும்பும் இளைஞர் சில வாரங்களில் கோப்புகளைக் கண்டு சலித்துவிடுவார் என்று காத்திருந்தனர். அப்படிக் காத்திருந்தவர்களில் முதல்வர் நிதிக் கண்காணிப்பாளர் நிக்கோலா ஃபூக்கே.

அரசர் சலிக்கவில்லை. உயர் ஆலோசனை அவையிலிருந்து தம் தாய் ஆன் அரசியையும், தம்பி ஃபிலிப்பையும், அரச இரத்தத்தைச் சேர்ந்த இளவரசர்களையும், படைத்தலைவர்களையும் விலக்கினார். எஞ்சியவர் மூவர்: போர்த்துறையை நடத்திய லெ தெல்லியே, வெளியுறவில் தேர்ந்த லியோன், நிதியைக் கையில் வைத்திருந்த ஃபூக்கே. மூவருமே பிறப்பால் பெரும் பிரபுக்கள் அல்லர். அரசர் தந்த பதவியைத் தவிர ஊன்றி நிற்க அவர்களுக்கு வேறு நிலம் இல்லை. பத்து வயதில், 1649 ஜனவரியின் ஓர் இரவில், கலகத்துக்கு அஞ்சித் தாயோடு பாரிஸிலிருந்து தப்பியோடிய நினைவு இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருந்தது. ஆனால் மூவரில் ஒருவருக்கு மட்டும் ஊன்றி நிற்க வேறு இடமும் இருந்தது என்பதுதான் சிக்கல்.

அதைப் புரிந்துகொள்ள அக்காலத்து அரசு நிதி நடந்த விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மறைமுக வரிகளை அரசு தானே வசூலிக்கவில்லை, குத்தகைக்கு விட்டது. உப்பு வரி, சரக்கு வரி, சுங்கம் ஆகியவற்றைக் குத்தகைக்கு எடுத்த நிதியாளர்கள் அரசுக்கு முன்பணம் தந்துவிட்டு, மக்களிடம் தங்கள் இலாபத்தோடு சேர்த்துப் பிரித்துக்கொண்டனர். போர்ச் செலவுக்கு அதுவும் போதாதபோது அரசு வரப்போகும் ஆண்டுகளின் வருவாயை அடகு வைத்துக் கடன் வாங்கியது. 1661இல் அடுத்த ஆண்டின் வரிப்பணமும் அதற்குப் பின்னுள்ளதில் ஒரு பகுதியும் ஏற்கெனவே செலவாகியிருந்தன. நாட்டில் வசூலான வரி 8 கோடி லீவருக்கு மேல் இருக்க, கருவூலத்தை வந்தடைந்தது சுமார் 3 கோடி மட்டுமே என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. சட்டம் அனுமதித்த வட்டி ஐந்தரை விழுக்காடு அளவில் இருந்தது. திவாலாகும் பழக்கமுள்ள அரசுக்கு அந்த வட்டியில் எவரும் கடன் தரத் தயாராக இல்லை. ஆகவே உண்மையான வட்டி அதைப்போல இரண்டு, மூன்று மடங்காயிற்று. அந்தக் கூடுதலைக் கணக்கில் காட்ட முடியாதல்லவா? அதற்கென்றே, காரணம் குறிப்பிடாமல் அரசர் கையெழுத்தில் பணம் வழங்கும் இரகசிய ரொக்க ஆணைகள் இருந்தன. கணக்காய்வு மன்றம் அவற்றைத் தொட முடியாது. போலி அல்லாத அரசுச் செலவும், சட்டவிரோத வட்டியும், திருட்டும் அந்த ஆணைகளுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எது என்று பிரித்துச் சொல்வது அவற்றை எழுதியவர்களுக்கே கடினம்.

1653 முதல் இந்த இயந்திரத்தை ஓட்டியவர் ஃபூக்கே. அரசை நம்பாத கடன் கொடுப்போர் அவரை நம்பினர். அவர் தம் சொந்தப் பெயரில், தம் உறவினர் பெயரில், நண்பர்கள் பெயரில் கடன் வாங்கி அரசுக்குத் தந்தார்; திரும்பி வந்த பணம் எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்பது தெளிவாக இல்லை. அவர் அதில் செழித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரது சொத்தின் அளவுக்கு அவரது கடனும் இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. கர்தினால் கேட்டபோதெல்லாம் பணம் புரட்டித் தந்தவரும் அவரே. அந்தப் பணத்தில் ஒரு பங்கு கர்தினாலின் சொந்தப் பைக்குப் போனதற்கும் அவரே சாட்சி. 1659 அக்டோபரில் கோல்பேர் நிதித்துறை முறைகேடுகளைப் பட்டியலிட்டுக் கர்தினாலுக்கு எழுதிய அறிக்கையை, அஞ்சல் துறைத் தலைவராக இருந்த தம் ஆள் மூலம் வழியிலேயே எடுத்துப் படித்துவிட்டார் ஃபூக்கே. அன்று கர்தினால் இருவரையும் சமாதானப்படுத்தி வைத்தார். 1661இல் சமாதானப்படுத்த அவர் இல்லை.

ஃபூக்கேயின் பலம் பணம் மட்டுமல்ல. அவர் பாரிஸ் பார்லமாந்து என்னும் உயர் நீதிமன்றத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராகவும் இருந்தார். அந்தப் பதவியில் இருக்கும்வரை அவரை அந்த நீதிமன்றமே, தன்னுள் ஒருவராகக் கருதி, விசாரிக்க முடியும். பிரெத்தாஞ் கடற்கரைக்கு அப்பால் உள்ள பெல்-ஈல் தீவை 1658இல் விலைக்கு வாங்கி அங்கே கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஓர் அணிலும் ‘எவ்வளவு உயரத்துக்குத்தான் ஏறமாட்டான்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வாசகமும் அவரது குலச் சின்னத்தில் இருந்தன. தாமே ஆள்வதென்று முடிவு செய்த அரசருக்கு, மறைந்த கர்தினாலின் இடத்துக்குக் கண் வைத்திருக்கும் இப்படிப்பட்ட ஒருவர் அச்சுறுத்தலாகத் தோன்றியதில் வியப்பில்லை. கோல்பேர் நாள்தோறும் மாலையில் அரசரோடு அமர்ந்து, அன்று காலை ஃபூக்கே கொடுத்த கணக்கின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி வந்தார்.

அவரை வீழ்த்துவதென்ற முடிவு மே மாதத் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டது. விருந்து நடந்தது ஆகஸ்ட் 17. இந்த இடைவெளிதான் பொறாமைக் கதையைப் பொய்யாக்குகிறது. நான்கு மாதம் காத்திருந்ததற்குக் காரணங்கள் இருந்தன. உடனே கைது செய்தால் அவரை நம்பிக் கடன் தந்தவர்கள் கை விரித்துவிடுவார்கள். அறுவடைக்குப் பின் இலையுதிர் காலத்து வரிப்பணம் வரும்வரை அரசு ஓட வேண்டும். அத்துடன் நீதிமன்றக் கவசத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. அரசரின் இனிய சொற்களில் மயங்கியும், கோல்பேரின் தூண்டுதலுக்கு இணங்கியும் ஃபூக்கே தம் வழக்கறிஞர் பதவியை 14 இலட்சம் லீவருக்கு விற்றார்; அதில் 10 இலட்சத்தை அரசருக்கே அளித்தார். இவ்வளவு கூர்மையான ஒருவர் தம்மைக் காத்த ஒரே சட்டத்தைத் தாமே விலைபேசி விற்றது எப்படி என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. அரசர் தம்மை முதன்மை அமைச்சராக்கப் போகிறார் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பதில்லை.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் வோ-லெ-விகோம்த் மாளிகை விருந்து ஓர் ஆணவக் காட்சியாக அன்றி, தவறான கணிப்பாகத் தெரிகிறது. பாரிஸுக்குத் தென்கிழக்கே மெலன் நகருக்கு அருகில், கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ருன், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் ஆகிய மூவரையும் ஒன்று சேர்த்து ஃபூக்கே எழுப்பிய மாளிகை அது. அரசரை மகிழ்விப்பதற்கே அன்று எல்லாம் ஏற்பாடாயின. நீரூற்றுகள், விருந்து, வாணவேடிக்கை ஆகியவற்றோடு நாடகாசிரியர் மொலியேரின் ‘லே ஃபாஷே’ என்னும் புதிய நாடகமும் அரங்கேறியது. ஒருவரைச் சந்திக்கப் போகும் காதலனை வழிமறித்துத் தொல்லை கொடுக்கும் ஆட்களைப் பற்றிய அந்த நகைச்சுவையை, எழுதி, பாடம் செய்து, மேடையேற்றுவது வரை பதினைந்தே நாளில் முடித்ததாக மொலியேர் அதன் முன்னுரையில் கூறுகிறார். நடிகர்கள் உடை மாற்ற நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காட்சிகளுக்கு நடுவே நடனங்களைப் புகுத்தினார்கள்; நாடகமும் நடனமும் கலந்த ஒரு புதிய வடிவம் அந்த வசதிக்குறைவிலிருந்து பிறந்தது. விருந்தினராக இருந்த கவிஞர் லா ஃபொந்தேன், ஐந்து நாள் கழித்து நண்பர் மோக்ருவாவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த இரவை வருணித்தார். அரசரோ, ஒரு வேடுவப் பிரபுவின் பாத்திரத்தையும் சேர்க்கலாமே என்று மொலியேருக்கு யோசனை சொன்னார். எட்டே நாளில் ஃபொந்தேன்ப்ளோ அரண்மனையில் நடந்த அடுத்த ஆட்டத்தில் அந்த வேடுவரும் மேடையில் இருந்தார்.

செப்டம்பர் 5ஆம் தேதி அரசருக்கு இருபத்து மூன்று வயது நிறைந்தது. பிரெத்தாஞ் மாகாணப் பேரவைக்காக அரசவை நாந்த் நகருக்கு வந்திருந்தது. காய்ச்சலோடு லுவார் ஆற்றில் படகில் வந்து சேர்ந்திருந்தார் ஃபூக்கே. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெல்-ஈல் தீவும் ஒரு காரணம்: கைது நடந்த உடனே அதைப் படையனுப்பிக் கைப்பற்றலாம். காலை அவை முடிந்ததும் அரசர் சில தாள்களைத் தேடுவதுபோல் அவரைச் சற்று நேரம் பேச்சில் நிறுத்திவைத்தார். வெளியே வந்த ஃபூக்கேயைப் பல்லக்கு நாற்காலியில் வைத்துப் பேராலயச் சதுக்கத்தருகே பிடித்தவர் அரசரின் மஸ்கெத்தியர் என்னும் துப்பாக்கி வீரர் படையின் துணைத்தலைவர் தார்த்தான்யான். பின்னாளில் நாவல் வழியாக உலகமெங்கும் அறியப்பட்ட பெயருக்கு உரிய அசல் மனிதர் இவரே.

கைதுக்குப் பத்து நாள் கழித்து, செப்டம்பர் 15இல், நிதிக் கண்காணிப்பாளர் பதவியே ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் அரசரே தலைமை வகிக்கும் அரச நிதி அவை வந்தது. செலவு ஆணைகளில் இனி அரசரே கையெழுத்திட்டார். அவைக்கு மார்ஷல் வில்ரோவா பெயரளவில் தலைவர். வேலை முழுவதும் கோல்பேர் கையில். அந்த ஆண்டு அவர் பிடித்த இடத்திலிருந்துதான் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. பத்தாண்டு கழித்துப் புதுச்சேரியில் ஃபிரான்சுவா மார்த்தன் கடை விரித்தது அந்தக் கம்பெனியின் பெயரில்தான். நவம்பரில் நிதியாளர்களின் குற்றங்களை விசாரிக்க ஒரு தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. குற்றம் கண்டுபிடிப்பதைவிட அபராதம் வசூலிப்பதே அதன் முதன்மைப் பயன்: அரசு தனக்குக் கடன் தந்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தன் கடனைக் குறைத்துக்கொண்டது.

இந்த நேரத்தில் நாட்டுப்புறம் எப்படி இருந்தது என்பதை அரண்மனைக் கதைகள் சொல்வதில்லை. மழை மிகுந்த 1661ஆம் ஆண்டின் அறுவடை பொய்த்தது. பாரிஸைச் சுற்றியும் லுவார் ஆற்றுப் பகுதியிலும் தானிய விலை பல மடங்கு ஏறி, அடுத்த ஆண்டு அது கடும் பஞ்சமாயிற்று. ‘பதவியேற்புப் பஞ்சம்’ என்றே வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அரசர் பால்டிக் கடலோரத்திலிருந்து தானியம் தருவித்துப் பாரிஸில் மலிவு விலைக்குக் கொடுத்ததைத் தம் குறிப்புகளில் பெருமையோடு சொல்கிறார். அந்தத் தானியம் எட்டாத கிராமங்களே மிகுதி. ஜூலை 23ஆம் தேதி ஃபொந்தேன்ப்ளோவில் நடந்த ‘பருவங்களின் நடனம்’ என்னும் பாலேயில் அரசர் ஆடிய வேடங்களில் ஒன்று, விளைச்சலின் தெய்வமான சேரேஸ்.

அந்தக் கோடையில் அவருக்கு இருபத்திரண்டு வயது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. மார்ச் இறுதியில் தம்பி ஃபிலிப் இங்கிலாந்து அரசரின் தங்கை ஹென்ரியட்டாவை மணந்தார். அவளுடைய தோழிப்பெண்களில் ஒருத்தியான லூயீஸ் த லா வலியேர் அரசரின் காதலியானாள். அவர் முதலில் காதலித்த மரி மான்சினியோ, கர்தினாலின் சகோதரி மகள், அதே வசந்தத்தில் கொலோன்னா என்ற இத்தாலியப் பிரபுவுக்கு மணமுடிக்கப்பட்டு ரோமுக்குப் போனாள். பதின்மூன்று ஆசான்களைக் கொண்டு அரச நடனக் கழகம் தொடங்கப்பட்டதும், ஃபுளோரன்ஸில் பிறந்த லுல்லி அரசரின் இசைக் கண்காணிப்பாளரானதும் இந்த ஆண்டில்தான். இவற்றை வெறும் கேளிக்கை என்று தள்ளுவது தவறு. யார் எங்கே நிற்க வேண்டும், எந்த அடி வைக்க வேண்டும் என்பதை அரசர் தீர்மானிக்கும் பழக்கம் மேடையிலும் அவையிலும் ஒன்றாகவே வளர்ந்தது.

மனச்சாட்சியும் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபைக்குள் எழுந்த கண்டிப்பான இயக்கமான ஜான்செனியத்தின் கொள்கைகளைக் கண்டிக்கும் ஓர் உறுதிமொழியில் குருமாரும் துறவியரும் கையெழுத்திட வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏப்ரலில் அந்த இயக்கத்தின் மையமான போர்-ருவாயல் மடத்தின் மாணவியரும் புதுமுகத் துறவியரும் வெளியேற்றப்பட்டனர். மடத்தைச் சீர்திருத்திய அன்னை ஆஞ்செலிக் ஆர்னோ ஆகஸ்ட் 6இல் மறைந்தார். கையெழுத்திட மனமின்றி இட்ட ழாக்லீன் பாஸ்கல், கணித மேதை பாஸ்கலின் தங்கை, அக்டோபர் 4இல் முப்பத்தாறு வயது நிறையும் நாளில் இறந்தார்.

வெளிநாட்டிலும் வரிசைச் சண்டைதான். சுவீடன் தூதரை வரவேற்க லண்டனில் வண்டிகள் அணிவகுத்த அக்டோபர் 10ஆம் தேதி, பிரெஞ்சுத் தூதர் தெஸ்திராதின் வண்டியும் ஸ்பானியத் தூதர் வாத்வீலின் வண்டியும் முன்னிடத்துக்கு முட்டிக்கொண்டன. ஆட்கள் மடிந்தனர், பிரெஞ்சு வண்டியின் குதிரைகள் கொல்லப்பட்டன. லூயி போர் மிரட்டல் விடுத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், பிற நாட்டுத் தூதர்கள் அனைவரும் பார்த்திருக்க, ஸ்பெயின் இனி அந்தப் போட்டிக்கு வராது என்று அதன் தூதர் லூவ்ரில் அறிவிக்க நேர்ந்தது. இதற்கிடையே நவம்பர் 1இல் ஃபொந்தேன்ப்ளோவில் இளவரசர் பிறந்தார். ஐந்து நாள் கழித்து மத்ரீதில் ஸ்பெயினின் வாரிசு கார்லோஸ் பிறந்தார். அந்தக் கார்லோஸ் 1700இல் பிள்ளையின்றி இறந்தபோது, ஃபொந்தேன்ப்ளோவில் பிறந்தவரின் இரண்டாம் மகனுக்கே ஸ்பெயினின் மகுடம் போயிற்று. அதற்காக ஐரோப்பா பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போரிட்டது.

ஃபூக்கேயின் வழக்கு மூன்றாண்டுக்கு மேல் நடந்தது. பாரிஸின் புறத்தே சான்-மாந்தே வீட்டில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால், தாம் கைதானால் நண்பர்கள் எந்தெந்தக் கோட்டையைப் பிடிக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்த திட்டம் கிடைத்தது. கர்தினாலுக்கு அஞ்சி 1657இல் எழுதியது அது. இதுவே இராசத்துரோகக் குற்றச்சாட்டாயிற்று. அதிகாரமில்லாத கோல்பேர் அந்தத் தாள்களுக்குள் கை வைத்ததும், கணக்கு ஏடுகளில் கண்ட பிழைகளும் ஃபூக்கேயின் வாதத்துக்குத் துணையாயின. தாம் செய்த ஒவ்வொன்றும் கர்தினாலின் ஆணைப்படியே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்; கர்தினாலின் கணக்கைத் திறக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. 1664 டிசம்பரில் இருபத்திரண்டு நீதிபதிகளில் ஒன்பது பேர் மரணத்துக்கும் பதின்மூன்று பேர் நாடுகடத்தலுக்கும் வாக்களித்தனர். அரசர் அந்தத் தண்டனையைக் குறைக்கவில்லை. ஆயுள் சிறையாகக் கூட்டினார். நாடுகடத்தலுக்கு வழிமொழிந்த நீதிபதி தோர்மெசோனுக்கு அதன்பின் உயர்வு கிட்டவில்லை. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பிஞெரோல் கோட்டையில் 1680இல் ஃபூக்கே இறந்தார். அவருக்காக உழைத்த லெ வோ, லெ ப்ருன், லெ நோத்ர் மூவரும் அதற்கு வெகு முன்பே வெர்சாயில் அரசரின் வேலைக்குப் போயிருந்தனர். வோ தோட்டத்து ஆரஞ்சு மரங்களும் அங்கே போயிருந்தன.

மஸாரினின் உயில்படி 20 இலட்சம் லீவர் செலவில் சேன் நதிக்கரையில் ஒரு கல்லூரி எழுந்தது. இன்று பிரெஞ்சு அகாதெமியும் அறிவியல் அகாதெமியும் கூடும் கட்டடம் அதுவே. அதன் குவிமாடத்தின் கீழ், குவாஸ்வோ செதுக்கிய பளிங்கில், கர்தினால் மண்டியிட்டிருக்கிறார்.